பிக்கப்புக்கு ஒரு ஜோடி

கார் விற்பவன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்று கிள்ளானில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நான் பொய் சொன்னதில்லை. உண்மையைத் துடைத்து, மெழுகு பூசி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். ஷோரூமில் காரையும் அப்படித்தான் நிறுத்துகிறோம். அதை யாரும் குறை சொல்வதில்லை.

அந்த ஷோரூமில் என் பிழைப்பே பிக்கப்தான். முன்னால் குடும்பம் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, உள்ளே முரட்டு டீசல் இஞ்சின். செம்பனைத் தோட்டத்துக் குத்தகைக்காரர், குழாய் வேலை எடுப்பவர், மீன் வியாபாரி என்று எல்லோரும் அதைத்தான் கேட்டு வருவார்கள். நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர்களே டயருக்கு ஒரு உதை கொடுத்துவிட்டு, "எப்ப கிடைக்கும் பாஸ்?" என்பார்கள். நான் பேனாவை நீட்டுவேன். வேலை முடிந்தது.

புகைக் கட்டுப்பாடு என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தலைமையகத்தின் இன்ஜினியர்கள் பல வருடங்களாகக் கார்களைப் பட்டினி போட்டு இளைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எடை குறைந்தால் எண்ணெய் குறையும், எண்ணெய் குறைந்தால் புகை குறையும் என்பது அவர்கள் கணக்கு. சீட்டில் கொஞ்சம் பஞ்சைக் குறைத்தார்கள். பிறகு மாற்று டயரையே எடுத்துவிட்டு, அந்தக் குழியில் டயர் ஓட்டையை அடைக்க ஒரு பசை டப்பாவை வைத்து அனுப்பினார்கள். பின்கதவைத் திறந்து பார்த்த ஒரு அங்கிள், "டயரைத் திருடிட்டானுங்க!" என்று கூச்சல் போட்டதை எப்படி மறக்க முடியும்? அடுத்ததாக, சிவப்பு விளக்கில் நின்றால் இஞ்சின் தானாகவே அணைகிற ஏற்பாடு வந்தது. அந்த மாதம் முழுக்க எனக்குப் போன். "காடி நடு ரோட்டுல செத்துப் போச்சு பாஸ், ஏர்கோனும் செத்துப் போச்சு!" சாகவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி என் மூச்சு போனது.

இவ்வளவு இளைத்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு நாள் காலையில் எங்கள் மேனேஜர் அம்மா எல்லோரையும் உட்கார வைத்தார். அவர் சீனர், சிரித்த முகம், ஆனால் அன்று சிரிக்கவில்லை. தலைமையகம் ஒரு கோடு போட்டிருக்கிறது என்றார். ஒவ்வொரு கிளையும் விற்கிற எல்லா வண்டிகளின் புகை அளவையும் கூட்டி, வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற சராசரி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிக்கப்பும் சராசரியை மேலே தூக்குகிறது. ஒவ்வொரு மின்சாரக் காரும் கீழே இழுக்கிறது, ஏனென்றால் அதன் புகை கணக்கில் பூஜ்யம். ஆகவே இனிமேல் ஒரு மின்சாரக் கார் விற்றால்தான் ஒரு பிக்கப் வெளியே போகும்.

அக்காவுக்கு வரன் அமையாமல் தங்கைக்குக் கல்யாணம் கிடையாது என்கிற வீடுகள் நம்மில் உண்டே, அதேதான். இதை நான் மலாயில் மேனேஜருக்கு விளக்கியதும் அவர் கடைசியில் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் ஷோரூமில் அதற்குப் பெயர் ஜோடி. "ஜோடி கிடைச்சுதா?" என்றுதான் காலை வணக்கமே சொல்வோம். நம் பெயரிலேயே ஒரு மின்சாரக் காரைப் பதிந்து கணக்குக் காட்டிவிடலாமா என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். நான் அந்த யோசனையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் நான் நன்றாக ரசித்திருப்பேன். ஆனால் ஜோடி இல்லாமல் எங்கள் பின்கட்டு நிறுத்தத்தில் மாட்டிக்கொண்ட முதல் பிக்கப் என் மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். காப்பாரில் மீன் வியாபாரம். விடியும் முன் படகுத்துறையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, கிள்ளான் பாசாருக்குக் கொண்டு வருவார். அவருடைய பழைய பிக்கப் கிளம்பினால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. அந்த வருடம் அது வழியில் நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. ஐஸ் உருகுவதற்குள் பாசாருக்குப் போனால் அது மீன். போகாவிட்டால் நாய்கூட முகராது. நின்றுபோன நாட்களில் அவர் அடுத்தவர் லோரியைக் கெஞ்சி வாடகைக்கு எடுத்தார். அவரிடம் வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் போயின. வண்டி வரவில்லை என்றால் வியாபாரமே கையை விட்டுப் போய்விடும் என்கிற நிலைமை.

அந்தக் கோடு போடப்படும் முன்பே அவர் என்னிடம் புதிய பிக்கப்புக்குச் சொல்லி வைத்திருந்தார். நானும் சும்மா இருக்காமல், என் மாமியார் வீட்டு விருந்தில், சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, நெஞ்சை நிமிர்த்தி, "அடுத்த மாசமே எடுத்துடலாம் மச்சான், நான் இருக்கேன்ல" என்று சொல்லியிருந்தேன். வெள்ளை பிக்கப்பும் வந்து நின்றது. எடுக்கத்தான் முடியவில்லை.

விளக்கம் சொல்ல நானே காப்பாருக்குப் போனேன். மச்சான் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"யாரோ ஒருத்தர் எலக்ட்ரிக் காடி வாங்கினா என் பிக்கப்போட புகை எப்படி மாப்ள குறையும்?"

"குறையாது மச்சான். சராசரிதான் குறையும்."

"அப்ப நான் வயிறு முட்ட மீன் கொழம்பு சாப்பிட்டு, நீங்க பட்டினி கெடந்தா, சராசரியா ரெண்டு பேரும் அரை வயிறு சாப்பிட்டோம்னு அர்த்தமா?"

"கணக்குப்படி ஆமா."

"நல்ல கணக்கு லா," என்றவர், கழுவுவதை நிறுத்திவிட்டு வீட்டின் பின்பக்கம் கையைக் காட்டினார். தென்னைகளுக்கு அப்பால் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நெட்டையாக நின்றன. "உங்க எலக்ட்ரிக் காடிக்குப் புகையே இல்லன்னு சொல்றீங்க. அதுக்குச் சாப்பாடு எங்க வீட்டுப் பின்னாடிதான் சமைக்கிறாங்க, தெரியுமா?"

தலைமையகத்தில் எத்தனையோ படித்தவர்கள் இதைப் பற்றி யோசித்திருப்பார்கள். அவர்களிடம் ஏதாவது பதில் இருக்கலாம். நான் கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் வீட்டிலிருந்து எங்களுக்கு மீன் வரும். வாவல், திருக்கை, சில நாள் பெரிய இறால். அந்த வாரத்திலிருந்து மீன் நின்றது. அவர் கோபப்பட்டு நிறுத்தினாரா, வண்டி இல்லாமல் நின்றதா என்று எனக்குத் தெரியாது. என் மனைவியும் விளக்கவில்லை. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தேவையில்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். சார்டின் டின்னைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, "அண்ணன் போன் பண்ணாரு" என்று மட்டும் சொல்வாள். பல ஞாயிறுகள் அந்த ஒரே வாக்கியத்தைத் தொட்டுக்கொண்டு சார்டின் சாப்பிட்டேன்.

ஆகவே நான் ஜோடி தேடி இறங்கினேன். ஊரில் தரகர்கள் எப்படி நாயாய் பேயாய் அலைகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. கோயில், கல்யாண மண்டபம், எழவு வீடு என்று போன இடத்திலெல்லாம் மின்சாரக் கார் பேச்சுத்தான். ஒரு சாவு வீட்டில், பெரியவரைப் போட்டிருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவரிடம் பேட்டரி உத்தரவாதத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வந்தாள்.

சுபாங் ஜெயாவில் ஒரு கத்தோலிக்கத் தமிழர் அகப்பட்டார். கணினி வேலை, நல்ல படிப்பு, மரம் நடுகிற மனசு. காரை ஓட்டிப் பார்த்தார், மயங்கினார். ஆனால் அவர் இருப்பது உயரமான கொண்டோ அடுக்குமாடியில். கீழே கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போடும் பெட்டியை வைக்கக் குடியிருப்போர் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. தீப்பிடிக்கும் என்று ஒருவர், கரண்ட் பில் யார் கட்டுவது என்று இன்னொருவர், அழகு கெடும் என்று மூன்றாமவர். அந்தக் கூட்டத்தில் பேச அவர் என்னையும் கூட்டிப் போனார். தண்ணீர் தொட்டி ஒழுகல் முதல் பூனைக்குச் சோறு வைக்கும் பிரச்சினை வரை எல்லாவற்றையும் பேசினார்கள். சார்ஜ் பெட்டிக்கு முறை வந்தபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் அக்கா வந்தார். அங்கே சேலைக்கடை வைத்திருந்தார். சொந்த வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், பணத்துக்கும் குறைவில்லை. பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்பது தனக்குப் பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக மின்சாரக் கார் கேட்டு வந்த மகராசி. எனக்குக் காலில் விழ வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கையெழுத்துப் போடும் முன், ஓட்டிப் பார்க்கிற அந்தக் காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். எலுமிச்சம்பழத்தின் மேல் அது எப்படி ஏறுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்.

"எல்லாரும் வாங்கினப்புறம் பூஜை போடுவாங்க தம்பி. நான் பொண்ணு பாக்கும்போதே பூ போட்டுக் கேக்குற ஆளு."

"தாராளமா பாருங்க அக்கா," என்றேன். காரில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ் சந்தில் கோயில் வாசல். அக்கா பூக்கடையில் சொல்லி, ஒரு மாப்பிள்ளைக்குப் போடுகிற கனத்தில் சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். அது காரின் மூக்கு முழுவதையும் மூடித் தொங்கியது. குருக்கள் முன் கண்ணாடியின் உச்சியில், நட்ட நடுவில், கை நிறையச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார். "எடுங்க தம்பி," என்றார் அக்கா.

மெல்ல மிதித்தேன். கார் ஒரு விரற்கடை நகர்ந்தது. பீப் என்று அலறியது. தானாகவே பிரேக் போட்டு நின்றது.

மறுபடி மிதித்தேன். மறுபடி பீப். எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். "இன்னொரு கற்பூரம் காட்டிப் பாப்போம்," என்றார் குருக்கள். காட்டினார். புகையே விடாத காரைச் சுற்றி அந்தச் சந்து கொள்ளாத புகை. மறுபடி பீப்.

"காடிக்கு எங்க வீட்டுக்கு வர இஷ்டம் இல்ல தம்பி," என்றார் அக்கா, முகம் வாடி.

"அப்படியெல்லாம் இல்லக்கா, ஒரு நிமிஷம்!" வியர்வை வழிய நான் திரையைப் பார்த்தேன். முன்னால் தடை இருக்கிறது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. முன்னால் ஆள் வந்தால் தானே நின்றுகொள்ள அந்தக் காருக்குக் கண்கள் உண்டு. ஒரு கண் மூக்கில், இன்னொன்று கண்ணாடியின் உச்சியில், நட்ட நடுவில். மூக்கில் மாலை போட்டு, கண்ணில் சந்தனத்தை அப்பிவிட்டு நட என்றால் அது எங்கே நடக்கும்? இந்தக் காரை வடிவமைத்தவர்கள் பனியில் ஓட்டிப் பார்த்தார்கள், பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சாமந்தி மாலை போட்டு ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஓடிப் போய் மாலையைக் கழற்றினேன். என் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தேன். கார் பூப்போல நகர்ந்தது. எல்லாப் பழமும் நசுங்கிச் சாறு தெறித்தது. நான் வெற்றியோடு கதவைத் திறந்து இறங்கினேன்.

அக்கா தலையை ஆட்டினார். "மாலையைக் கழட்டினப்புறம் நசுங்கினா அது கணக்குல வராது லா தம்பி."

எவ்வளவோ மன்றாடினேன். குருக்கள்கூட எனக்காகப் பேசினார். அந்த அம்மாள் தலைமையகத்தைவிடக் கறார். அடுத்த வாரம் காஜாங்கில் இருக்கும் தன் தங்கைக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெட்ரோல் காரே வாங்கிவிட்டார் என்று கேள்வி.

வருடம் முடியப்போகிறது. ஷோரூமில் கிறிஸ்துமஸ் மரம் வைத்துவிட்டார்கள். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். இந்த வாரக் கடைசிக்குள் ஜோடி இல்லை என்றால், அந்த வெள்ளை பிக்கப் வேறொரு கிளைக்குப் போய்விடும். அங்கே மின்சாரக் கார்கள் நன்றாகப் போகின்றன. அதன் பிறகு மச்சானுக்கு அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மாலை மச்சானே போன் செய்தார். "பரவால்ல மாப்ள, நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. வியாபாரத்த இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு வேற வேல பாக்கலாம்னு இருக்கேன்," என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டாள், பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நல்ல பட்டுச் சேலை, கையில் பை. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். என் மனைவி.

"எலக்ட்ரிக் காடி பாக்கணும்," என்றாள்.

"விளையாடாத. வேல நேரம்."

"கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

மேனேஜர் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோரூம் முழுக்க வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தது. வேறு வழியில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு என் வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். அவள் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வெள்ளம் வந்தா?"

"எந்தக் காரா இருந்தாலும் வெள்ளத்துல ஓட்டக் கூடாதுங்க மேடம். மத்தபடி பேட்டரிக்குள்ள தண்ணி போகாது."

"வீட்டுல சார்ஜ் போடலாமா?"

"வாசல்ல காடி நிறுத்த போர்ச் இருந்தா போடலாம்."

"இருக்கு. அங்க என் வீட்டுக்காரர் காடி நிக்குது. அத வெளிய நிறுத்தச் சொல்லிக்கலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

"இவ்வளவு நல்ல காடின்னு சொல்றீங்க. உங்க வீட்டுல என்ன காடி?"

"பெட்ரோல்."

"ஏன்?"

என் வழக்கமான பேச்சின் அடுத்த வரிக்குத் தாவினேன். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "போன வாரமே ஓட்டிப் பாத்துட்டேன். நீங்க ஜோடி தேடி வெளிய போயிருந்தப்ப மேனேஜர்தான் கூட்டிட்டுப் போனாங்க." ஆசிரியர் கூட்டுறவில் கடனுக்கும் அவளே ஏற்பாடு செய்து முடித்திருந்தாள். கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் அம்மா அறையை விட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். வெள்ளை பிக்கப்புக்கு ஜோடி கிடைத்தது.

இரண்டு வண்டிகளும் ஒரே மாலையில் வெளியே வந்தன. மச்சான் ஒரு பெட்டி நிறைய வாவல் மீனோடு வந்தார். பிக்கப் சாவியை வாங்கிக்கொண்டு, தங்கையின் தலையில் கை வைத்தார். பிறகு, "எனக்காக இம்மாம் பெரிய கடன் போட்டிருக்கியேம்மா," என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்காக ஒரு தங்கை செய்த தியாகம் என்று மனதுக்குள் ஒரு பெரிய வசனமே எழுதி வைத்திருந்தேன். இனி வரும் எல்லா விருந்திலும் அதைச் சொல்ல வேண்டும்.

"உங்களுக்காக இல்லண்ணே," என்றாள் அவள். "உங்க பிக்கப் கிடைச்சதுல சந்தோஷந்தான். ஆனா எனக்கு ஒரு காடி வேணும். என் பழைய காடில ஏர்கோன் போயி ரொம்ப நாளாச்சு. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது சட்டை பிழிஞ்சு காயப் போடலாம்."

மச்சான் சிரித்துக்கொண்டே பிக்கப்பில் ஏறிக் காப்பாருக்குப் போனார். நாங்கள் இருவரும் நின்றோம். அவள் புதுக் காரின் கதவைத் திறந்தபடி, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏங்க, சாவு வீட்டுல கூட ஆள விடாம கேட்டீங்களே, 'காடி வேணுமா, காடி வேணுமா'ன்னு. என்னைய ஒரு தடவ கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிள்ளானிலிருந்து காஜாங் வரை அந்த வருடம் நான் கேட்காத ஆள் அவள் ஒருத்திதான். எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.